என்ன கறி என்று கேள்

மன்னார்த் தீவின் தாராபுரத்தில் ஹில்மியின் கணினி திருத்தும் கடை என்பது அவரது வீட்டின் முன்னறைதான். போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்தில் கிடைத்த வீடு; கட்டிக்கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை யன்னலைவிடப் பெரிது. நல்ல தகரத்தை வீணாக்குவானேன் என்று ஹில்மி அதைக் கழற்றி, பின்பக்கத்தில் "கணினி திருத்தப்படும்" என்று எழுதி வாசலில் தொங்கவிட்டார். கொடையாளிகள் படம் எடுக்க வரும் நாட்களில் பலகையைத் திருப்பிவிடுவார். இரண்டு தரப்புக்கும் திருப்தி.

புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்த காலத்தில் மூன்று தொண்டு நிறுவனங்கள் அடுத்தடுத்து வந்து அவருக்குக் கணினி கற்பித்தன. மூன்றும் நடத்தியது முதல் பாடத்தை மட்டும்: கணினியை இயக்குவது எப்படி. இரண்டாம் பாடம் வருவதற்குள் திட்டம் முடிந்துவிடும். ஆகவே இயங்கும் கணினி பற்றி அவரிடம் மூன்று சான்றிதழ்கள் உண்டு. இயங்காததைப் பற்றித் தானாகத்தான் கற்றுக்கொண்டார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. செத்த கணினிக்குள்ளிருந்து கோப்புகளை மீட்டுத் தருவார். ஆனால் ஒன்றையும் திறந்து பார்க்கமாட்டார். பெயரைப் படிப்பதோடு சரி. "நீங்களே பாருங்க" என்று உட்காரக் கதிரையைக் கொடுத்துவிட்டு, வாசலில் போய் ரோட்டைப் பார்த்தபடி நிற்பார். எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த ஒரு தீவில், பாதி வீடுகளின் படங்கள் கைக்குள் இருந்தும் ஒன்றையும் பார்க்காதவர் என்ற பெயர் லேசில் கிடைப்பதில்லை. சொந்தத் தம்பியிடம் கொடுக்காத மடிக்கணினியைப் பெண்கள் ஹில்மியிடம் கொடுத்தார்கள்.

ஒரு நாள் கடலோரக் கிராமமான ஓலைத்தொடுவாயிலிருந்து கொன்ஸ்ரன்ரைன் வந்தார். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து மீண்டும் கடலுக்குப் போகிற மனிதர். பழைய சாரத்தில் மடிக்கணினியைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவருக்கு முன்னதாக மண்ணெண்ணெய் மணம் கடைக்குள் வந்துவிட்டது.

"என்ன அண்ணன், இதில சமைச்சீங்களா?"

"கடலுக்குள்ள விழுந்திட்டுது தம்பி."

"அதுக்கு மண்ணெண்ணெய் என்னத்துக்கு?"

கொன்ஸ்ரன்ரைன் அவரைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். "எஞ்சின் உப்புத்தண்ணிக்குள்ள விழுந்தா உடன நல்ல தண்ணியில கழுவவேணும். பிறகு மண்ணெண்ணெய் விடவேணும். மிசின் திருத்திற உமக்கு இது தெரியாதோ?"

ஹில்மி வாதாடவில்லை. விசயத்தைக் கேட்டார்.

கணினி, பிரான்சில் இருக்கும் மகன் ரொபின்சன் அனுப்பியது. மனைவி பெற்றிசியா சாவதற்கு முந்திய வாரம், பக்கத்து வீட்டுப் பிள்ளை காட்டிக்கொடுத்தபடி, அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு மகனுக்கென்று அதில் பேசிப் பதிந்துவைத்தார். அனுப்பும் முன்னர் நெஞ்சு நின்றுவிட்டது. அதை அனுப்பச் சொல்லி மகன் ஒவ்வொரு முறையும் கேட்டான். சிக்னல் கரையில்தான் பிடிக்கும் என்பதால் கொன்ஸ்ரன்ரைன் கணினியைக் கரையோரத் தண்ணீரில் நின்ற வள்ளத்தின் விளிம்பில் வைத்து அனுப்பப் பார்த்தார். அப்போதுதான் விழுந்தது. விழுந்ததா, விழ விட்டாரா என்று ஓலைத்தொடுவாயில் இரண்டு கட்சி உண்டு.

"பாப்பம்" என்றார் ஹில்மி. அவர் அதற்கு மேல் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

கடல் தின்றது போக மிச்சத்தை மண்ணெண்ணெய் தின்றிருந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் தன் பெட்டிக்குள் எப்படியோ தப்பிக் கிடந்தது. அதைக் கழற்றிக் காயவைத்து, தன் கணினியில் பொருத்தி, மெல்ல மெல்ல வாசிக்கவிட்டார். கோப்புகள் வந்தன. பெயர்கள் வரவில்லை. முகாமுக்கு வந்து இறங்கிய சனத்தைப் போல எல்லாம் வெறும் இலக்கங்களோடு வரிசையில் நின்றன.

கொன்ஸ்ரன்ரைனைக் கூப்பிட்டனுப்பினார்.

"பேரெல்லாம் போயிட்டுது அண்ணன். திறந்து பாத்தாத்தான் எது எதுண்டு தெரியும். இருங்க, நீங்களே பாருங்க." வழக்கம்போல வாசலுக்கு எழுந்தார்.

கொன்ஸ்ரன்ரைன் அவரது மணிக்கட்டைப் பிடித்தார். "என்னால ஏலாது. நீர் பாரும்."

"நான் ஆர்டயும் பாக்கிறதில்லையே."

"தெரியும். அதாலதான் உம்மட்ட கொண்டுவந்தனான்." பிடியை விடாமலே சொன்னார்: "நெஞ்சு நோகுது எண்டவள். வாயு எண்டு சொல்லி இஞ்சித்தண்ணி வைச்சுக் குடுத்தனான். கதவப் பூட்டிப்போட்டு மகனுக்கு என்னைப் பற்றி என்ன சொல்லிப்போட்டுப் போனாளோ. நீர் கேட்டுச் சொல்லும். பிறகு அனுப்புறதோ விடுறதோ எண்டு யோசிப்பம்."

ஆகவே அன்று ரோட்டைப் பார்த்தபடி வாசலில் நின்றவர் கொன்ஸ்ரன்ரைன். கதிரையில் இருந்தவர் ஹில்மி. காதில் கருவியைச் செருகி, இலக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். ஒன்றில் கட்டிலில் அமர்ந்திருக்கும் ஒரு பெண் வந்தார். ஹில்மி மரியாதைக்காக அவர் முகத்தை விட்டுவிட்டுப் பின்னாலிருந்த அலுமாரியையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கதைக்கிறாவோ?"

"கதைக்கிறாங்க. உங்களப் பத்தித்தான்."

"என்னவாம்?"

ஹில்மி சொற்களைத் தேடினார். "அண்ணன் சில நேரம்... உள்ளத உள்ளபடி சொல்றதில்லையாம்."

"பெற்றிசியா அப்பிடிக் கதைக்கமாட்டாள். அவள் சொன்ன மாதிரிச் சொல்லும்."

"மகனே, உன்ர கொப்பர் ஒரு அண்டப் பொய்யன் எண்டு சொல்றாங்க."

"ஓம்" என்றார் கொன்ஸ்ரன்ரைன். "அது அவள்தான்."

"போனில மகன் உங்களிட்ட சாப்பிட்டீங்களோண்டு கேக்க வேணாமாம். சாப்பிட்டனெண்டுதான் சொல்வீங்களாம். என்ன கறியெண்டு கேக்கட்டாம். கறி சொல்லத் தெரியாட்டி மனுசன் பட்டினியெண்டு விளங்கிக்கொள்ளட்டாம்."

ஹில்மி காதைக் கொடுத்துத் தொடர்ந்து கேட்டார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். அலுமாரியையும் பார்க்க முடியவில்லை.

"என்ன தம்பி? நெஞ்சுநோவப் பற்றிக் கதைக்கிறாளோ?"

ஹில்மி காதுக் கருவியின் வயரைப் பிடுங்கினார். பெற்றிசியா கடைக்குள்ளேயே பேசத் தொடங்கினார்.

"...நோகிறத நான் கொப்பருக்கு அரைவாசிதான் சொன்னனான். முழுக்கச் சொன்னா மனுசன் கடலுக்குப் போகாமல் என்ர கட்டில் காலுக்க குந்திக்கொண்டிருக்கும். ரெண்டு பேரும் அழுதா ஆர் உலை வைக்கிறது? வாயு எண்டு இஞ்சித்தண்ணி வைச்சுத் தந்தது. பாவம், உறைக்குமெண்டு சீனியும் போட்டுத் தந்தது."

கொன்ஸ்ரன்ரைன் திரும்பி வந்தார். ஹில்மி கதிரையை விட்டெழுந்து, இம்முறை வாசலுக்குப் போகாமல், பக்கத்திலேயே நின்றார். படம் முடிந்தது.

"திரும்பப் போடும்."

போட்டார். மூன்றாம் தரமும் போட்டார்.

"அனுப்பட்டா அண்ணன்?"

கொன்ஸ்ரன்ரைன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "அந்தக் கறி விசயத்த மட்டும் வெட்டிப்போட்டு அனுப்பேலாதோ?"

"எடுத்துக் குடுக்கிறதுதான் நம்மட வேல. வெட்டுறதில்ல."

"எண்டா முழுக்க அனுப்பும். அவன் கேட்கட்டும்."

ஹில்மி அனுப்பத் தொடங்கினார். தாராபுரத்து இணைப்பு அதைத் துளித்துளியாகத்தான் கொண்டுபோகும், காத்திருக்க வேண்டும். திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "பகல் சாப்பாட்டுக்கு என்ன கறி அண்ணன்?"

"மீன்."

"என்ன மீன்?"

மன்னார்க் கடலிலுள்ள அத்தனை மீனையும் அதன் வாலைக் கண்டே பெயர் சொல்லக்கூடிய மனிதர் வாயைத் திறந்தார், மூடினார். ஒரு மீனும் வரவில்லை.

ஹில்மி உள்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "றஸ்னா, சாப்பாட்டுக்கு இன்னொரு பீங்கான் வைங்க."