நான்காம் கணினியில் இன்னொருவர்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ஒயரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் சோதித்து முடிவு கொடுக்கும் அந்த மூன்று மாடிக் கட்டடத்துக்குப் பதினேழு வருடத்துக்கு முன் டைப் அடிக்க வந்தவள். ஒருநாள் பிரிண்டர் மக்கர் செய்ய, பழுது பார்க்க வந்தவர் கழற்றி மாட்டியதை ஓரமாக நின்று பார்த்தாள். அடுத்த தடவை அவளே மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து எந்தக் கணினி முடங்கினாலும் அவள் தலையில்தான் விடிந்தது. பட்டமா பாடமா, எல்லாம் கைப்பழக்கம்தான்.

அந்த வாரம் புகார் சொன்னவள் பதிவுப் பிரிவுக் கண்ணாடிக்காரி. படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரை விட்டு வர முடியாததால், அலுவலகத்தின் நான்காம் கணினியை வீட்டிலிருந்தே ரிமோட்டில் திறந்து வேலை பார்ப்பவள்.

“அக்கா, கம்ப்யூட்டர் மறுபடியும் என்னை வெளிய தள்ளிடுச்சு,” என்றாள் போனில்.

“உன் வீட்டு நெட்டு நொண்டியடிக்குதுடி. ரவுட்டரை ஒருதரம் அணைச்சுப் போடு.”

போட்டாள். ஒரு மணி நேரம் சமர்த்தாக ஓடியது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். ஒயரக்கா கேபிளை மாற்றினாள். கணினி தானாகத் தூங்கிப்போகாதபடி அமைத்தாள். மூன்றாம் நாள் காலையிலும் அதே புகார் வந்தபோது அவளுக்குப் பொறுமை போனது.

“தள்ளிவிடும்போது திரையில என்னதான் எழுதுது? அப்படியே படி.”

“வேற ஒருத்தர் இணைஞ்சதால உங்க இணைப்பு முடிஞ்சதுன்னு வருது. நீங்கதான் உள்ள வந்து ஏதோ பாக்கறீங்கன்னு நெனச்சேன்.”

ஒயரக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “நான் வரவே இல்லடி. நீ கொஞ்ச நேரம் எதையும் தொடாத.”

பதிவு அறையில் அப்போது யாரும் இல்லை. நான்காம் கணினியின் முன் உட்கார்ந்து, கண்ணாடிக்காரியின் கடவுச்சொல்லையே போட்டுத் திறந்தாள். யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவேட்டில் அவள் இதுவரை பார்த்திராத ஓர் இணைய முகவரி வரிசை வரிசையாக நின்றது. முதல் வரவு நாற்பது நாளுக்கு முன்பு.

அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே திரை தானாகப் பூட்டிக்கொண்டது.

மறுபடி திறந்தாள். அவள் திறக்காத ஒரு சன்னல் விரிந்திருந்தது. அதில் கட்டடத்தின் மற்றக் கணினிகளின் பெயர்கள். பாதி படிப்பதற்குள் திரை மீண்டும் பூட்டியது. மூன்றாம் முறை கடவுச்சொல் தவறு என்றது. நிதானமாக, எழுத்தெழுத்தாக அடித்தாள். தவறு. அந்தப் பக்கம் இருந்தவன் அதை மாற்றிவிட்டிருந்தான்.

கேபிளைப் பிடுங்கினாள். செருப்பைக்கூட மாட்டாமல் மாடிப்படி ஏறி ஓடி, எல்லா ஒயரும் வந்து சேரும் பெட்டியைத் திறந்து கொத்துக்கொத்தாக உருவினாள். மேலாளர் பின்னாலேயே ஓடி வந்தார்.

“என்னம்மா பண்றீங்க? கீழ நாப்பது பேர் ரிசல்ட்டுக்கு நிக்கறாங்க!”

“சார், உள்ள ஆள் இருக்கான்.”

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“இங்க இல்ல சார், கம்ப்யூட்டருக்குள்ள.”

“யாரு வழி விட்டது?”

“நான்தான்.”

அவள் வழி விட்டது, எல்லோரும் திடீரென வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டி வந்த ஊரடங்கு வருடத்தில். இன்றைக்கே ஓட வேண்டும் என்று மேலாளர் நெருக்க, வெளி உலகிலிருந்து நேராகக் கணினிக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டு, இரண்டே நாளில் மூடிக்கொள்ளலாம் என்று இருந்தாள். இரண்டு நாள் இரண்டு வருடமாயிற்று. நெருக்கியவர் அவர் என்பதை இப்போது அவளும் சொல்லவில்லை, அவரும் நினைவுபடுத்திக்கொள்ளவில்லை. கடைசி ஒயரையும் உருவிவிட்டுத்தான் கீழே இறங்கினாள்.

வெளியிலிருந்து வந்த நிபுணர்கள், இரண்டு கணினிகளின் கோப்புகள் ஏற்கெனவே திறக்க முடியாதபடி சிதைந்துவிட்டன என்றார்கள். இன்னும் அரைமணி போயிருந்தால் மொத்தமும் போயிருக்குமாம். ஆறு நாள் முடிவுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவளிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. எந்த ஒயர் எங்கே போகிறது என்று வேறு யாருக்குத் தெரியும்?

தப்பித்தோம் என்று எல்லோரும் மூச்சு விட்டிருந்த நேரத்தில், மூன்றாவது வாரம், வரவேற்பிலிருந்து ஓர் அழைப்பை அவளுக்கு மாற்றினார்கள்.

“என் ரிசல்ட்டை யாரோ ஒருத்தன் போன்ல படிக்கறாம்மா,” என்றது ஒரு பெண்குரல். “வீட்ல யாருக்கும் நான் சொல்லாத விஷயம். அவனுக்கு எப்படித் தெரியும்?”

என்றைக்குச் சோதனை செய்தீர்கள் என்று மட்டும் ஒயரக்காவால் கேட்க முடிந்தது. சொன்ன தேதி அவன் உள்ளே வந்துபோன அந்த நாற்பது நாளுக்குள் இருந்தது.

அந்த வாரம் இன்னும் ஆறு அழைப்புகள். சோதனைக்கு வந்த எல்லோருக்கும் சொல்லிவிடுவோம் என்றாள். ஊரெல்லாம் பேர் கெட்டுவிடும் என்று மேலாளர் மறுத்தார். அவள் நேராக உரிமையாளரிடம் போய் நின்றாள். அனுமதி வர ஒன்பது நாள் ஆனது. பட்டியலில் பதினோராயிரத்துச் சொச்சம் பேர். ஒயரக்கா தொலைபேசியை இழுத்து வைத்துக்கொண்டு முதல் எண்ணைச் சுற்றினாள்.

ஆய்வுக்கூடம் என்றதுமே எடுத்தவர் அவளை மேலே பேச விடவில்லை. “இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? அதான் லேப்லேருந்து பேசறோம்னு நேத்தே என் ரிசல்ட்டைப் படிச்சு மிரட்டிட்டீங்களே,” என்று சொல்லிவிட்டுத் துண்டித்தார்.