கூரையிலிருந்து இறங்கிய தகரம்

பிரெஞ்சு பேசும் லொங்குய் நகரில் நாங்கள் வாங்கிய வீட்டில் பழைய புகைபோக்கி ஒன்று இருந்தது. அதனுடன் புதிய விறகு அடுப்பைப் பொருத்தியது நான்தான். நகரசபையின் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். எனக்குத் தெரியாத விதிமுறை இல்லை. சுவருக்கும் அடுப்புக்கும் உள்ள இடைவெளி, குழாயின் சரிவு எல்லாவற்றையும் அளந்தேன். காப்புறுதிப் படிவத்தில் ‘புகைபோக்கியில் அடைப்பில்லை’ என்ற கட்டத்திலும் சரி போட்டேன்.

முதல் நெருப்பில் பால் பொங்கவைக்க மனைவி நல்ல நேரம் பார்த்திருந்தாள். புகைபோக்கி துப்புரவாக்க வரவேண்டிய ஆள் வரவில்லை. நல்ல நேரம் முடியப்போனது.

“பத்த வைப்பமே? பேந்து ராகு காலம் எண்டு என்னைத்தான் பேசுவீர்” என்றேன்.

“மேலை ஏறிப் பாத்தனீங்களோ?”

“எல்லாம் கையேட்டில உள்ளபடி செய்தனான்.”

“கையேடு கூரையில ஏறினதோ? அந்தாள் வரட்டும். நேரம் போனாப் போகட்டும்.”

பஞ்சாங்கம் பார்க்காமல் தலைமுடிகூட வெட்டாதவள் சொன்னது இது. எரிச்சலோடு தீப்பெட்டியை மூடினேன்.

ஒருவழியாக வந்தவர் கூரையில் ஏறி, ஒரு தகரத் தட்டோடு இறங்கினார். முன்பு இருந்தவர்கள் அணில் வராமலிருக்கப் புகைபோக்கியின் வாயை அதனால் மூடியிருந்தார்களாம். நெருப்பு மூட்டினீர்களா என்று பிரெஞ்சில் கேட்டார். இல்லை என்றேன். மூட்டியிருந்தால் நச்சுப்புகை முழுவதும் வீட்டுக்குள்தான் நின்றிருக்கும் என்றார்.

மனைவி என்னிடம், “தேத்தண்ணி குடிப்பாரோ எண்டு கேளுங்கோ” என்றாள்.

படிவத்தில் நான் போட்ட சரியை வெட்டினேன். வேலையில் இருந்த காலத்தில் மற்றவர்கள் போட்ட அதே சரியைப் பார்த்துத்தான் அனுமதி கொடுத்துவந்தேன். யார் ஏறிப் பார்த்தது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.