நாலாவது டேப்

போன ஞாயிறு மதியம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்தபடியே ஒரு விமானத்தை நிறுத்தினோம்.

'னோம்' என்பது கொஞ்சம் அதிகம். நிறுத்தியது சிவநேசன். நான் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

சிவநேசன் யாழ்ப்பாணத்து எஞ்சினியர், எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார். இங்கே நியூசிலாந்தில், ஆக்லாந்து ஏர்போர்ட்டில் விமானம் கழுவுகிறார். சேர்ந்து இரண்டு மாதம். வேலை இன்னும் நிரந்தரமில்லை. கழுவும்முன் விமானத்தின் பக்கவாட்டில் உள்ள சின்னத் துளைகளில் தண்ணீர் போகாமல் ஆரஞ்சு டேப் ஒட்ட வேண்டும். பிறகு உரிக்க வேண்டும். உயரம் காட்டும் மீட்டருக்கு அந்தத் துளைகள்தான் மூக்கு. உரித்த டேப்பைக் கணக்குக்காகத் தன் சட்டைக் கையிலேயே ஒட்டிக்கொள்வார்.

சோற்றில் கை வைத்தவர் சட்டையைப் பார்த்தார்.

"மூண்டுதான் இருக்கு. நாலு ஒட்டினனான்."

"உயரம் காட்டற மீட்டர் மூணு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? கம்ப்யூட்டர் வேற..."

"மூண்டும் மூச்சு விடுறது நான் ஒட்டின ஓட்டையளாலைதான், அண்ணை. ஒண்டு அடைபட்டா, எது பொய் சொல்லுது எண்டு மேலை போயோ தேடுறது? கம்ப்யூட்டர் பாவம், சொன்னதை நம்பும்."

எழுந்துபோய் ஏர்போர்ட்டுக்குப் போன் போட்டார். மேலதிகாரி கத்துவது எனக்கே கேட்டது. இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாயிற்று, இன்னும் ஒரு மணி நேரத்தில் கிளம்புகிறது, நிச்சயமாகத் தெரியுமா?

"தெரியாது," என்றார் சிவநேசன் ஆங்கிலத்தில். "அதனால்தான் கூப்பிடுகிறேன்."

உடனே வரச் சொன்னார்கள். மவுண்ட் ரோஸ்கிலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து என் கிழட்டு காரில் விரட்டினேன். வழக்கமாகச் சிவநேசனின் முழங்காலில் வந்து விழும் டேஷ்போர்டு மூடி அன்று விழவில்லை. குனிந்து பார்த்தார்.

ஆரஞ்சு டேப்.

நான்தான். காலையில் அவரை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வரும்போது, பால் வாங்க டெய்ரியில் இறங்கினார். சீட்டில் ஒரு டேப் கிடந்தது. ஓசி டேப்பை விடுவேனா? மூடியை ஒட்டினேன். மறந்தும் போனேன். இரண்டு கையெழுத்து, மூன்று மீட்டர் எல்லாம் சரி... என் மாதிரி ஒரு ஆளுக்கு அதில் ஏற்பாடு உண்டா?

"கிடைச்சாச்சே சிவா. போன் போட்டு, பாக்க வேண்டாம்னு சொல்லிடுங்க, வேலையாவது மிஞ்சும்."

"ஓட்டுங்கோ அண்ணை."

"நாலும் வந்தாச்சே?"

"நாலு எண்டு எண்ணினதும் நான்தான், மூண்டு எண்டு எண்ணினதும் நான்தான். என்னை நம்பி அதைப் பறக்க விடேலாது. ஆரும் கண்ணாலை பாக்கட்டும்."

பார்த்தார்கள். ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு துளையாக விரலால் தடவி. சுத்தம். விமானம் நாற்பது நிமிடம் தாமதம்.

மேலதிகாரி சிவநேசனை ஒரு நிமிடம் முறைத்தார். "நாளை காலை ஆறு மணி. வழக்கம்போல."

அந்த டேப்பைச் சிவநேசன் உரித்துக்கொண்டு போய்விட்டார். மூடி மறுபடியும் முழங்காலில் விழுகிறது. விழட்டும் – ஒட்டப்போவதில்லை.