சக்-சக்குக்கும் சாக்கிமாவுக்கும் நடுவில் நான்

லண்டனில் குசினி வேலை பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை: வெங்காயத்துக்கு அழுவது சம்பளத்தோடு சேர்ந்தது, வேறு எதற்கும் அழ நேரம் கிடைக்காது. லூயிஷாமில் ஒரு சீனச் சாப்பாட்டுக்கடையில் நான் பதினொரு வருடம் அடுப்போடு நின்றேன். கை சுட்டவர்கள் தொடர்ந்து வாசியுங்கள்.

பார்த்துப் பழகியது

எண்பதுகளின் நடுவில் என் மனைவி என் கையைப் பிடித்தபடியே இறந்துபோனாள். அதுவரை எனக்குத் தேத்தண்ணீர் மட்டும்தான் போடத் தெரியும். அதன்பிறகு பசிதான் எனக்கு வாத்தியார். கடையில் முட்டைக்கோவா வெட்டச் சேர்த்தார்கள். வெட்டிக்கொண்டே சமையல்காரரின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். கடை நிறைய ஆட்கள். யாரும் சொல்லாமலே தாச்சியைத் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டேன். கடைக்காரி மிஸிஸ் செங், ஹொங்கொங்கில் பிறந்தவர், ஒரு வாய் நூடில்ஸ் தின்று பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "உப்புக் கூடிப்போச்சு. நாளைக்கும் நீயே செய்."

இரண்டு அம்மாக்கள்

சோவியத் உடைந்து சில வருடங்களில் எங்கள் குசினிக்குக் கோப்பை கழுவ ராலியா வந்தாள். ரஷ்யாவில் கசான் நகரத்துத் தாத்தார் இனப் பெண், முஸ்லிம், கணவனை இழந்தவள். அவளுடைய மகள் குல்நாரா சனிக்கிழமைகளில் மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். மிஸிஸ் செங்கின் மகன் கென்னியும் கொண்டுபோவான். இரண்டு பேரும் ஒரே தட்டை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கியபோதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

கலியாணத்துக்கு இரண்டு தாய்மாரும் உடனே சம்மதித்தார்கள். சண்டை வந்தது பலகாரத்தில். மாவைச் சின்னச் சின்னதாக வெட்டிப் பொரித்து, தேனில் பிரட்டி, குன்றுபோல் குவிக்கும் சக்-சக் இல்லாமல் கலியாணமே இல்லை என்றாள் ராலியா. "அது எங்கடை சாக்கிமா அல்லவா?" என்றார் மிஸிஸ் செங். அதுவும் பொரித்த மாவுதான். ஆனால் மாப்பாகில், அதாவது முளைத்தானியத்தில் காய்ச்சிய பிசின்போன்ற பாகில் பிரட்டி, தட்டில் அழுத்தி, எள்ளுத் தூவிச் சதுரமாக வெட்டுவார்கள். ஆளுக்கொன்று செய்து கொண்டுவந்தார்கள். ஒருவர் செய்ததை மற்றவர் ருசி பார்த்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சிரித்தார்கள். பல் மட்டும் தெரிந்த சிரிப்பு. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். மிஸிஸ் செங் சொன்னார்: "நீ ரெண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லை. அதனாலை நீ செய். பிழைச்சுதெண்டால் ரெண்டு பேரும் சேர்ந்து உன்னைத் திட்டுறம்."

ஜோர்ஜின் பல்

சாக்கிமாவைப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பது மிஸிஸ் செங் வீட்டுப் பழக்கம். ராலியா வீட்டில் அது நடவாது. புதுத் தாச்சி வாங்கி, சோள எண்ணெய் ஊற்றி, அதை வேறு எதற்கும் தொடக்கூடாதென்று மேலே ஒரு கடதாசி ஒட்டினேன். அடுத்த வில்லங்கம் பாகு. தேன் மட்டும் என்றால் சதுரம் நிற்காது. மாப்பாகு மட்டும் என்றால் ராலியா வாயில் வைக்கமாட்டாள். பாதிக்குப் பாதி சேர்த்தேன். சேர்த்துவிட்டு, எள்ளுருண்டைக்குக் காய்ச்சுகிற பழக்கத்தில், தண்ணீரில் போட்டால் கல்லாகிற வரைக்கும் காய்ச்சிவிட்டேன்.

முதல் துண்டை எங்கள் நிரந்தர வாடிக்கையாளர் ஜோர்ஜிடம் கொடுத்தேன். வேலையிலிருந்து ஓய்ந்த பஸ் சாரதி, கட்டுப்பல்காரர். கடித்தார். பிறகு பலகாரத்தை வாயிலிருந்து வெளியே எடுத்தார். மேல்வரிசைப் பல்லும் அதோடு வந்தது. "உருசி நல்லாயிருக்கு, சிவா. என்ரை பல்லை மட்டும் திருப்பித் தா."

முதல் கை

நாலாம் தடவை, தேசிக்காய்ப் புளி, எலுமிச்சைச் சாறுதான், கொஞ்சம் விட்டு, பாகை நேரத்தோடு இறக்கினேன். வந்துவிட்டது! கடித்தால் மொறுமொறுப்பு, பிறகு தேனாகக் கரைகிறது. குசினியில் தனியே நின்று கை தட்டினேன். அந்தச் சந்தோஷத்தில் கிங்ஸ்பரியில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அக்காவின் குரல் தணிந்துபோனது. "தம்பி, கலியாணப் பலகாரத்துக்கு முதல் கை நீ வைக்கிறதே? மனிசியைப் பறிகுடுத்தவன். வேண்டாமடா. புருஷனோடை இருக்கிற ஒருத்தியைக் கூப்பிட்டு முதல் பிடியை எண்ணெய்க்குள்ளை போடச் சொல்லு."

உங்களுக்குத் தெரியும், இப்படியான சொல் ஒருமுறை காதில் விழுந்தால் பிறகு போகாது. அந்தப் பிள்ளைகளுக்கு என் கையால் ஒன்றும் வந்துவிடக்கூடாதே. கலியாணத்துக்கு முதல்நாள் எண்ணெய் காய்ந்ததும், "நீங்கள் முதல் பிடியைப் போடுங்கோ" என்று மிஸிஸ் செங்கைக் கேட்டேன். ஏன் என்று கேட்டார். மழுப்பிப் பார்த்தேன், ஏலவில்லை. உண்மையைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ரை புருஷன் உயிரோடைதான் இருக்கிறார். பத்து வருஷமா ஹொங்கொங்கிலை, இன்னொருத்தியோடை. என்ரை கை நல்ல கையோ?"

எண்ணெய் புகையத் தொடங்கியது. ராலியா சிரிக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துவிட்டு வந்தாள். மாவில் ஒரு பிடி அள்ளினாள், எங்கள் இரண்டு பேரையும் அள்ளச் சொன்னாள். மூன்று கையும் ஒன்றாகத் தாச்சிக்கு மேலே. நான் கையைப் பின்னுக்கு இழுத்தேன். ராலியா விடவில்லை: "சிவா, உன்ரை மனிசி கடைசி வரைக்கும் பிடிச்சிருந்த கை இது. பயப்பிடாமல் போடு."

குன்றும் சதுரமும்

சதுரமாக வெட்டினேன், மிஸிஸ் செங்குக்காக. சதுரங்களைக் குன்றாக அடுக்கினேன், ராலியாவுக்காக. எள்ளும் போட்டேன், வாதுமைக் கொட்டையும் போட்டேன். மண்டபத்தில் மிஸிஸ் செங் தன் ஆட்களிடம் அதைச் சாக்கிமா என்றார். அடுத்த மேசையில் ராலியா சக்-சக் என்றாள். குன்று அரை மணித்தியாலத்தில் தரையானது. கென்னிக்கும் குல்நாராவுக்கும் இப்போது இரண்டு பிள்ளைகள்.

ஒளித்துவைத்த எட்டுத் துண்டை அக்காவிடம் கொண்டுபோனேன். நாலைத் தின்றுவிட்டுத்தான் முதல் பிடி ஆர் போட்டது என்று கேட்டாள். புருஷன் உயிரோடு இருக்கிற ஒரு சீன மனிசியும் கை வைத்தார் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அக்கா ஐந்தாவதை எடுத்தாள். "பாத்தியே? அந்தக் கைராசி வாயிலை தெரியுது!"

பலகாரம் சரியாக வந்துவிட்டால் அதைச் செய்த கை எதுவென்று தின்றவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள்; எங்களுக்கு அந்த வேலையும் மிச்சம்.