சுட்டதா, வேகவைத்ததா

எட்டு வயதில் நான் ஒரு நோயாளியின் சாப்பாட்டைத் தின்றிருக்கிறேன். அதுவும் நியாயம் பேசிவிட்டுத் தின்றேன்.

அந்த வருடம் அம்மாவுக்கு ரத்தம் குறைந்துகொண்டே வந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையை விட்டுவிட்டு, மண்ணரையில் எங்கள் லைன் வீட்டில் கட்டிலோடு கிடந்தாள். ஆட்டு மண்ணீரலை, அதுதான் சுவரொட்டியை, தணலில் சுட்டுத் தின்றால் ரத்தம் ஊறும் என்பது அப்பாவின் வைத்தியம். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். ஞாயிறு காலை கறிக்கடையில் முதல் ஆளாக நின்று வாங்கி வருவார். வாசலில் கரியைப் பற்றவைத்து, உப்பும் மஞ்சளும் தடவி, நேரே நெருப்பின்மேல் போடுவார். வாசனைக்கு லைன் வீட்டு நாய்கள் வந்து உட்காரும். உட்காரும் இடத்துக்கு எனக்கும் அவற்றுக்கும் தகராறு உண்டு.

அவிநாசியிலிருந்து சித்தி செல்போனும் கையுமாக வந்துவிடுவாள்.

“ஏனுங்க மாமா, கருகுன கறியத் தின்னா கேன்சர் வருமாமுங்க. இதுல டாக்டரே சொல்றாரு பாருங்க. வேகவெச்சு ரசமாக் குடுங்க.”

“வேகவெச்சா சத்தெல்லாம் தண்ணியில போயிரும் அம்மணி. எங்கூட்டுல அந்தக் காலத்துல இருந்து சுட்டுத்தான் திங்கறோம்.”

“அதான் உங்கூட்டு ஆளுக வாயத் தொறந்தாலே பொகையுதுங்க.”

உள்ளே அம்மா சிரிப்பாள்.

ஒரு ஞாயிறு வழக்கு முற்றியபோது நான் நடுவராகப் புகுந்தேன். கருகினதுதானே கெடுதல்? தட்டை அம்மாவின் கட்டிலோரம் கொண்டுபோய், பள்ளிக்கூட ஸ்கேலால் கருகியதைச் சுரண்டினேன். சரியாகச் சுரண்டியிருக்கிறேனா என்று ஒரு துண்டைத் தின்று பார்த்தேன். சந்தேகம் தீர இன்னொன்று. தீர்ப்பு முடிந்தபோது தட்டில் மஞ்சள் கறைதான் மிச்சம்.

“நல்லா இருந்துச்சா கண்ணு?” என்றாள் அம்மா.

பென்சில் தொலைந்தாலே அறைகிற அப்பா, காலித்தட்டைப் பார்த்துவிட்டு எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். சித்தி போனை அணைத்தாள். வழக்கில் ஜெயித்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

அடுத்த ஞாயிறும் அப்பா கரியைப் பற்றவைத்தார். சித்தி முதலிலிருந்து ஆரம்பித்தாள். சுட்டுக் கொடுத்தாலும் வேகவைத்துக் கொடுத்தாலும் இனி ஒன்றுதான் என்று கோயமுத்தூர் டாக்டர் இரண்டு பேரிடமும் முன்பே சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரிந்தது, அம்மா போய் வெகுநாள் கழித்து.

பெரியவர்களுக்கு எதையும் ஒரு தடவை சொன்னால் புரியாது என்றுதான் அன்று நினைத்தேன். பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள், உள்ளே கட்டிலில் இருக்கிற அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி எதற்கு இவ்வளவு சத்தமாகச் சண்டை போடுகிறார்கள் என்று மட்டும் கொஞ்சம் யோசித்தேன். அப்புறம் நாய்களுக்கு முந்திப் போய் என் இடத்தைப் பிடித்துக்கொண்டேன்.