நீலக் கூரையும் அரக்குப் பட்டும்

2009-இல் என் வீட்டுக்காரர் பழைய மாருதி வேன் ஒன்றை வாங்கி, கடலூரில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மறுநாளே அதற்குக் கூரை வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். தகரம் போட நான் சம்மதிக்கவில்லை. வாசல் ஜன்னலை ஒட்டித்தான் என் தையல் மெஷின். பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காத காலம் அது. ஜன்னல் வெளிச்சத்தில்தான் ஜாக்கெட் துணிக்கு நூல் கலர் பார்ப்பேன். ஊரில் எத்தனையோ பேர் தைத்தார்கள். தைத்த நூல் கண்ணுக்கே தெரியாதபடி தைப்பவள் என்ற பெயர் எனக்கு மட்டும்தான். அதை ஒரு வேனுக்காக விட்டுக்கொடுக்க நான் என்ன பைத்தியமா?

"வெளிச்சம் உள்ள வரணும். அப்புறம் என்ன வேணா போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

சிப்காட் பக்கம் ஏதோ ஷெட்டைப் பிரித்ததில் கழித்த, வெளிச்சம் விடும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட்டுகள் பழைய இரும்புக் கடைக்கு வந்திருந்தன. என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றி வந்தார். அழுக்கு அப்பிச் சாம்பல் நிறத்தில் கிடந்தவை, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்ததும் பளிச்சென்று நீலமாயின. அழகாகத்தான் இருந்தன. வெளிச்சமும் தாராளமாக வந்தது.

இரண்டு பேரையும் நம்பினால் கூரை நிற்காது என்பது வேலை தொடங்கியதுமே தெரிந்தது. ஷீட்டுக்குள் குழாய் மாதிரி ஓடும் வரிகள் சரிவோடு இறங்கினால்தான் உள்ளே சேரும் ஈரம் வடியும். இவர்கள் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் இன்ச் டேப்பையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தையலுக்குத் துணி விடுகிற மாதிரி, ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறும்படி கோடு போட்டுக் கொடுத்தேன்.

"மாமா, அக்காவே மேஸ்திரியா இருக்கட்டும். நாம சித்தாளா இருந்துட்டுப் போவோம்" என்றான் தம்பி.

வெயிலில் ஷீட் விரியும் என்பதால் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து முடுக்கினோம். பழைய ஓட்டைகளையும் அடைத்தோம். மேலே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் ஒரு சொட்டு இறங்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அடுத்த வாரம் சிதம்பரத்திலிருந்து ஒரு அம்மா, மகளின் முகூர்த்த ஜாக்கெட்டை வாங்கிப்போக வந்தார். கேட்டைத் தாண்டி வெயிலில் பிரித்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, அரக்குப் பட்டுக்கு காப்பிக் கலர் நூல்லயா ஹெம்மிங் பண்ணுவாங்க?"

அவருக்குத்தான் கண் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு போனேன். கழுத்தைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி பழுப்பு நூல். நீல வெளிச்சத்தில் அரக்கும் காப்பியும் ஒரே கறுப்பாகத் தெரிந்திருக்கின்றன.

"நாளன்னிக்கி முகூர்த்தம்மா" என்றார், அழுகிற குரலில்.

"உக்காருங்க. கையோட குடுத்துடறேன்."

நூல் டப்பாவோடு நாற்காலியைத் தெருவில் போட்டேன். சுள்ளென்ற வெயிலில் மொத்தத்தையும் பிரித்து, அரக்கு நூலில் திரும்பத் தைத்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும். அந்த அம்மா உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அவர் தெருவைத் தாண்டியதும் ஜன்னலுக்கு நேரே ஏணியைச் சாத்தி நானே ஏறினேன். முதல் ஷீட் கழன்றபோது வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"ஐயோ, வேன் பாதி நனையுமே! உள்ள டியூப்லைட் போட்டுத் தரேன், எறங்கு."

"கரண்ட்டயும் வாங்கியாருவீங்களா?"

"அவ்ளோ பாடுபட்டுப் போட்டது..."

"நானுந்தான் பாடுபட்டேன். வேன் நனைஞ்சா தொடச்சிக்கலாம். மணையில உக்காந்திருக்கற பொண்ணு கழுத்தத் தொடச்சிக்குவாளா?"

அவர் கூரையைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். பிறகு ஏணி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.