டைனோசர் அறையில் மாமியார்

மாடிக் கட்டடம் எதுவானாலும், லிப்ட் வந்து நிற்கும் கடைசித் தளத்துக்கும் கீழே இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி இருக்கும். லிப்டின் வாசலில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருக்கிறதே, அதில் எது தவறினாலும் இந்தக் குழியில்தான் விழும். சாவி, காதணி, மாத்திரை அட்டை, யாரோ கோபத்தில் வேண்டுமென்றே போட்ட மோதிரம் எல்லாம் அங்கே கிடக்கும். லிப்ட் மெக்கானிக் அங்கிருந்துதான் தன் முதல் டைனோசரை எடுத்தார்.

அது டைனோசர் என்று அப்போது அவருக்குத் தெரியாது. மூன்று கொம்பு, பச்சை நிறம், உடம்பெல்லாம் கிரீஸ். ஒரு காலை ஏதோ குழந்தை ஆசை தீரக் கடித்திருந்தது. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்.

“இந்த மாடு உங்க வீட்டுதுங்களா?”

எல்லோரும் இல்லை என்றார்கள். கடைசி மாடியில் மட்டும், அம்மாவின் காலுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்து, “அது மாடில்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாடில்லை என்றால் வேறென்ன என்று அவள் சொல்லவில்லை. மெக்கானிக்குக்கு அந்த வாரம் முழுவதும் அதே நினைப்பு. விடுமுறை நாளில் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவனிடம் போய்க் குழந்தைகளுக்கான அறிவியல் புத்தகம் ஒன்றை வாங்கினார். பெயர் தெரிந்தது. ட்ரைசெராடாப்ஸ். இலை தழை தின்னும் சாதி. அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் பக்கத்தைப் புரட்டியபோது, மற்றொரு டைனோசர் கங்காரு மாதிரி வாலைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து நின்றது. அடுத்த வாரம் வாங்கிய புத்தகத்தில் அதே டைனோசர் முதுகைக் கிடைமட்டமாக வைத்துக்கொண்டு வாலைத் தூக்கி ஓடியது. எது சரி என்று பார்க்க மூன்றாவது புத்தகம் வாங்கினார். சேர்க்கிற பழக்கம் எல்லோருக்கும் இப்படித்தான் ஏதோ நியாயமான காரணத்தில் தொடங்குகிறது.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாளெல்லாம் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் பழகியவள் என்பதால் வீட்டில் நடப்பது எதுவும் அவளுக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்ததில்லை. பொம்மைகள் டிவி மேலிருந்து அலமாரிக்குப் போயின, அலமாரியிலிருந்து சின்ன அறைக்குப் போயின. அந்த அறையை அவர்கள் எதற்காக ஒதுக்கி வைத்திருந்தார்களோ அது நடக்கவில்லை. டாக்டர்களைப் பார்த்தார்கள், சோதனைகள் எல்லாம் செய்தார்கள், பிறகு ஒரு கட்டத்தில் போவதை நிறுத்திவிட்டார்கள். அறை சும்மாதான் கிடந்தது.

பொம்மைக் கடையில் முதல் தடவை கடைக்காரர், “குழந்தைக்கு என்ன வயசு?” என்று கேட்டபோது மெக்கானிக் வாயில் வந்தது, “அஞ்சு.” அடுத்தடுத்த வருஷங்களிலும் அதையே சொன்னார். கடைக்காரரும் சளைக்காமல் ஐந்து வயதுக்கு ஏற்றதாக எடுத்துக் காட்டினார். ஒருநாள் மனைவியும் கூடப் போயிருந்தாள். கடைக்காரர் மரியாதைக்கு அவளிடம், “பையன் நல்லாப் படிக்கிறானாம்மா?” என்றார். மெக்கானிக் காதெல்லாம் சூடாகிக் கூரையைப் பார்த்தார். அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

“படிக்கிறான். எந்நேரமும் புத்தகந்தான்.”

வீடு வரும்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வந்த பிறகும் பேசவில்லை.

மாமியார் அப்படியில்லை. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த நடைமேடையில், எந்த வண்டி தாமதம் என்று ஊருக்கே சொல்லிப் பழகிய குரல். ஊரின் மறுகோடியில் தனியாக இருந்தார். யாரும் வந்து இருக்கச் சொன்னால், “எனக்கென்ன, கை கால் நல்லாத்தான இருக்கு” என்பார். ஒருமுறை மகள் வீட்டுக்கு வந்தவர் சின்ன அறையின் வாசலில் நின்று, சுவரோரம் வரிசையாக நின்ற அத்தனையையும் ஒரு பார்வை பார்த்தார்.

“குழந்தை இல்லாத வீட்ல பொம்மை எதுக்கு மாப்பிள்ளை?”

கெட்ட எண்ணத்தில் கேட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குரலுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. மெக்கானிக், “துணி காஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனார். அன்று துணி துவைத்திருக்கவில்லை. அதன் பிறகு மாமியாரும் அந்த அறைப் பக்கம் போகவில்லை, மாப்பிள்ளையும் அவர் இருக்கும்போது அறைக் கதவைத் திறக்கவில்லை. ரொம்ப வருஷம் இப்படி மரியாதையாக ஓடியது.

பிறகு ஒரு காலையில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. பால்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டதால் உயிர் தப்பியது. வலது கை தளர்ந்தது, கால் கொஞ்சம் இழுத்தது. ஆனால் பேச்சுதான் அடியோடு போனது. எல்லாம் புரிந்தது. கேட்டால் தலையாட்டினார். வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கட்டில் போட இருந்த ஒரே இடம் சின்ன அறை.

“பொம்மையெல்லாம் எடுத்துடட்டுமா?” என்று மெக்கானிக் மனைவியைக் கேட்டார்.

“எடுத்து எங்க வைப்பீங்க? சமையலறையிலயா?”

பொம்மைகள் அங்கேயே இருந்தன. ஆனாலும் படுத்திருப்பவரைப் பார்த்து இத்தனை பேர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது அவருக்கு நன்றாகப் படவில்லை. ஒவ்வொன்றையும் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தார். இப்போது மாமியாருக்கு எதிரே வால்களாக இருந்தன.

மெக்கானிக் மதிய ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். மனைவி காலையில் மருந்துக்கடைக்குப் போய்விட, மதியம் அவள் திரும்பும்வரை மாமியார் அவர் பொறுப்பு. இருவருக்கும் இதில் சம்மதம் இல்லை என்பது தெரிந்தது. ஒருவர் சொல்ல முடியாமல் இருந்தார், மற்றவர் சொல்லாமல் இருந்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஓர் இளம்பெண் வந்தாள். கையில் படம் போட்ட அட்டைகள். நாற்காலியைக் காட்டி, “இது என்னம்மா? நா… நா…” என்றாள். ஒலிபெருக்கியில் ஊரையே ஆட்டி வைத்தவர் நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த முறை கதவு, அதற்கடுத்த முறை தண்ணீர். வாயை அழுத்தி மூடிக்கொண்டார். மறுநாள் தலையணை உறையை மாற்றும்போது ஈரமாக இருந்ததை மெக்கானிக் பார்த்தார். மனைவி வருவதற்குள் அதைத் துவைத்துக் காயப் போட்டார்.

ஒரு காலை கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனபோது, கட்டிலுக்குப் பக்கத்து அலமாரித் தட்டில் ஒரு டைனோசர் மட்டும் முன்பக்கம் திரும்பி நின்றது. தானாகத் திரும்பியிருக்காது. மாமியார் ஒன்றும் தெரியாதவர் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அதன் பக்கத்தில் நின்றதும் திரும்பியிருந்தது. இடது கையால் எக்கி எக்கித் திருப்பியிருக்கிறார். மெக்கானிக் கஞ்சியை ஊட்டி முடித்தார். கை எட்டாத தட்டிலிருந்து சிலவற்றை எடுத்து எட்டும் தட்டில் வைத்தார்.

பிறகு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒவ்வொரு பெயரையும் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டிருக்கும் புத்தகம் அது. மாமியாருக்கு என்று இல்லாமல், தனக்கே படித்துக்கொள்வது போல விரலை வைத்து வாசித்தார்.

“ட்ரை… செ… ரா… டாப்ஸ்.”

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெக்கானிக் தலையைத் தூக்கவில்லை. மறுபடி வாசித்தார்.

“ட்ரை… செ… ரா…”

“டாப்ஸ்” என்றார் மாமியார்.

மெக்கானிக்கின் விரல் அதே இடத்தில் நின்றது. மாமியார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முழுவதையும் சொன்னார். கரகரப்பாக, கோணலாக, ஆனால் ஓர் எழுத்து விடாமல். சொன்னதோடு நிற்காமல், பழைய பழக்கத்தில், அறிவிப்பு மாதிரி இரண்டாம் முறையும் சொன்னார்.

மெக்கானிக் வெளியே போய் மருந்துக்கடைக்கு போன் போட்டார்.

“உங்கம்மா பேசிட்டாங்க.”

“ஐயோ! என்ன சொன்னாங்க?”

“ட்ரைசெராடாப்ஸ்.”

மறுமுனையில் யாரோ இருமல் மருந்து கேட்பது மட்டும் கேட்டது.

“விளையாடாதீங்க” என்றாள் மனைவி. குரல் உடைந்துவிட்டது.

“நான் ஏன் விளையாடறேன்? ரெண்டு தடவை சொன்னாங்க.”

அடுத்த முறை வந்த பயிற்சிப் பெண் அதைக் கேட்டுவிட்டு அட்டைகளைப் பைக்குள் வைத்துவிட்டாள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, “எனக்கும் சரியாத் தெரியல. நாற்காலிங்கற வார்த்தை வரலைன்னா அவங்களுக்கு அவமானமா இருக்கு. இதெல்லாம் யாருக்குமே வாயில வராதே, அதனால பயமில்லாமச் சொல்றாங்களோ என்னமோ. எதுவானாலும் விடாதீங்க” என்றாள்.

விடவில்லை. பிராக்கியோசாரஸ், ஸ்டெகோசாரஸ், அலோசாரஸ் என்று காலை முழுவதும் சின்ன அறையிலிருந்து அறிவிப்பு கேட்டது. சிக்கல் என்னவென்றால், வேறு எதைச் சொல்ல நினைத்தாலும் இவைதான் முதலில் வந்து நின்றன. தண்ணீர் வேண்டும் என்றால் ஸ்டெகோசாரஸ் என்றார். ஜன்னலைத் திறக்கச் சொல்ல டிப்ளோடோகஸ் என்றார். ஒருமுறைக்கு இருமுறை கேட்டுப் பழகிக்கொள்ளலாம் என்று பார்த்தால், நேற்றைய ஸ்டெகோசாரஸ் இன்றைக்கு வேறாக இருந்தது. தவறான வார்த்தை வந்துவிட்டது என்பது சொன்ன மறுகணமே அவருக்குத் தெரிந்துவிடும். முகம் சுருங்கும். மெக்கானிக் அதைக் கவனிக்காதவர் போலத் தண்ணீர், ஜன்னல், மின்விசிறி என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பார், ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டும்வரை.

மாமியாரின் தங்கை பழங்களோடு பார்க்க வந்தாள். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்து, நாற்காலியைக் கைகாட்டி, கௌரவமாக, “அலோசாரஸ்” என்றார்.

தங்கை நின்ற இடத்திலேயே நின்று மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்தாள். “என்னடி, உங்கம்மா என்னைத் திட்டறாளா?”

“இல்ல சித்தி. உக்காரச் சொல்றாங்க.”

“எங்களுக்குள்ள ஒரு பழைய மனஸ்தாபம் இருக்கு. அதை மனசுல வச்சுக்கிட்டுச் சொல்றாளோன்னு பாத்தேன்.”

மாமியார் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார். தங்கையும் சிரிக்கத் தொடங்க, இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். என்ன மனஸ்தாபம் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

மாதங்கள் போகப் போக வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முதலில் வந்தவை பெரும்பாலும் குறைகள். கஞ்சியில் உப்பில்லை. துண்டு ஈரம். பிறகு புத்தகங்களிலேயே குறை கண்டுபிடிக்கத் தொடங்கினார். ஒருநாள் இரண்டு புத்தகங்களை மடியில் விரித்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

“இதுல… பிரான்டோசாரஸ்னு ஒண்ணு இல்லவே இல்லங்குது. அதுல இருக்குங்குது. எது நிஜம்?”

“ஆராய்ச்சி பண்றவங்க மாத்தி மாத்திச் சொல்றாங்க அத்தை. முதல்ல இருந்துச்சு, அப்புறம் இல்லன்னாங்க, இப்ப இருக்குன்னு சொல்றாங்க.”

“வண்டி உண்டா இல்லையான்னு… சரியாச் சொல்லணும். தப்பா இருக்கறதைத் தூக்கிப் போடுங்க.”

“போட முடியாது.”

“ஏன்?”

“அது அப்ப நினைச்சது. அதுவும் வேணும்.”

மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். மெக்கானிக் அதை எடுத்து அலமாரியில் வைத்தார். மறுநாள் மறுபடி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே ரகளை. கல்யாணமான நாளிலிருந்து இவர்கள் இருவரும் நேருக்கு நேர் சண்டை போட்டு மனைவி பார்த்ததில்லை. அவள் மருந்துக்கடையிலிருந்து கொஞ்சம் சீக்கிரமாகவே வரத் தொடங்கினாள்.

கோலை ஊன்றி நடக்க முடிந்ததும் மாமியார் தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். “எனக்கு என் வீடு இருக்கு” என்றார், ஒரு தடங்கலும் இல்லாமல். பயிற்சிப் பெண்ணும் போகலாம் என்றாள். வேலைக்கு ஓர் அம்மாளை ஏற்பாடு செய்தார்கள்.

கிளம்பிய அன்று அவர்கள் கட்டடத்து லிப்ட் ஓடவில்லை. அந்த லிப்டைப் பராமரிப்பது வேறொரு கம்பெனி. மெக்கானிக் அதில் கை வைக்கக் கூடாது. மனைவி பைகளோடு முன்னால் இறங்கி டாக்ஸியை நிறுத்தி வைத்திருந்தாள். மெக்கானிக் மாமியாரின் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறக்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார்கள். பாதி தூரத்தில் மாமியார் கோலைச் சுவரில் சாய்த்தார்.

“மாப்பிள்ளை. அன்னிக்கு… வாசல்ல நின்னு ஒண்ணு கேட்டுட்டேன்.”

“எப்ப அத்தை?”

“தெரியாத மாதிரி நடிக்காதீங்க. கேட்டிருக்கக் கூடாது. எனக்கு அதுக்கு…” வார்த்தையைத் தேடினார். உதடு இரண்டு முறை குவிந்து பிரிந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் நெற்றியில் வியர்வை வந்துவிட்டது. “எனக்கு அதுக்கு ஸ்டெகோசாரஸ்.”

சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். ஒலிபெருக்கியில் தவறான ஊரை அறிவித்துவிட்டவர் முகம் மாதிரி இருந்தது.

“பரவாயில்ல அத்தை” என்றார் மெக்கானிக். “புரியுது.”

“என்ன புரிஞ்சுது?”

“நீங்க சொன்னதுதான்.”

மாமியார் முந்தானையால் நெற்றியைத் துடைத்தார். பிறகு கோலை எடுத்துக்கொண்டார். கீழே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். மனைவி படிக்கட்டின் அடியிலிருந்து, “ரெண்டு பேரும் அங்க என்னதான் பண்றீங்க?” என்று கத்தினாள்.

“வரோம்டி!” என்றார் மாமியார். ஐந்து மாடிக்கும் கேட்டது.